சூடாகவே ஃபிரிட்ஜில் வையுங்கள்: மிச்ச வான்கோழியில் செய்யும் பை (pie) பற்றி ஒரு வேண்டுகோள்

நவம்பரில் ஒரு வியாழனன்று வரும் தேங்க்ஸ்கிவிங் வான்கோழி விருந்துக்கு அடுத்த சனிக்கிழமை காலை. அமெரிக்காவில் நான் வேலை பார்க்கும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஒரே வீட்டிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். பாட்டி, மருமகள், எட்டு வயதுப் பையன். மூவருக்கும் வயிற்றைப் பிசைகிற வலி, தண்ணீர் தண்ணீராகப் பேதி. வாந்தி இல்லை, காய்ச்சலும் இல்லை. நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன்.

"வான்கோழி பை, டாக்டர். வியாழக்கிழமை மிச்சமானதுல பண்ணினது. நல்லாக் கொதிக்க வெச்சுத்தான் பண்ணினேன்."

பை என்றால் கறிக் கிரேவியை மேலே மாவால் மூடி ஓவனில் சுடுவது. கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்கினேன். வியாழன் மாலை ஐந்து மணிக்கு மேசைக்கு வந்த வான்கோழி, இரவு பதினொரு மணி வரை அங்கேயே இருந்திருக்கிறது. வெள்ளி மதியம் பைக்கான கிரேவியைச் செய்து, ஆறட்டும் என்று மூடிபோட்டு அடுப்பின் மேலேயே விட்டிருக்கிறார்கள். ராத்திரிதான் மாவை மூடி ஓவனில் வைத்தார்களாம். ஏன் ஃபிரிட்ஜில் வைக்கவில்லை என்றால், "சூடா வெச்சா ஃபிரிட்ஜும் கெட்டுடும், சாப்பாடும் கெட்டுடும்ல?"

இந்தப் பதிலை ஒவ்வொரு நவம்பரிலும் கேட்கிறேன். நம் ஊர்க்காரர்கள் மட்டும் சொல்வதில்லை, தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழும் குடும்பங்களும் இதையேதான் சொல்கின்றன. பாட்டிக்கு ரத்தக்குழாய் வழியாகத் திரவம் ஏற்றி மாலையில் வீட்டுக்கு அனுப்பினோம். அன்றிரவே இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் அந்த நம்பிக்கையைப் பார்ப்போம். ஒரு காலத்தில் அதில் நியாயம் இருந்தது. பனிக்கட்டி வைத்த மரப்பெட்டிதான் வீட்டுக் குளிர்பெட்டியாக இருந்த நாளில், சூடான பாத்திரத்தை உள்ளே வைத்தால் கட்டி உருகிப் பக்கத்தில் இருக்கும் பாலும் கெடும். இன்று உங்கள் சமையலறையில் இருப்பது பனிக்கட்டிப் பெட்டி அல்ல. உள்ளே சூடு ஏறினால் கம்ப்ரசர் தானாக ஓடி அதைக் குறைக்கும், அதற்காகத்தான் அது இருக்கிறது. ஃபிரிட்ஜ் கெடாது. சாப்பாடும் கெடாது, வெளியே ஆறும்போதுதான் கெடுகிறது. ஆவி அடங்கியதும், வெதுவெதுப்பு போகும் வரை காத்திராமல் உள்ளே வைக்கலாம். பத்து லிட்டர் குண்டானை அப்படியே தூக்கி வைக்காதீர்கள் என்பது மட்டும் சரி. ஃபிரிட்ஜுக்குக் கேடு என்பதால் அல்ல, அவ்வளவு ஆழமான பாத்திரத்தின் நடுப்பகுதி ஃபிரிட்ஜுக்குள்ளேயும் பல மணி நேரம் சூடாகவே இருக்கும் என்பதால். இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் போகாத தட்டையான பாத்திரங்களில் பிரித்து வையுங்கள். அவ்வளவுதான் விஷயம்.

வெளியே ஆறினால் என்ன ஆகும்? இந்த மாதிரிக் கேஸ்களில் நான் முதலில் சந்தேகிப்பது கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்ஜென்ஸ் என்ற பாக்டீரியாவை. அமெரிக்காவில் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 10 லட்சம் பேர் இதனால் பாதிக்கப்படுவதாக நோய்க் கட்டுப்பாட்டு மையம் மதிப்பிடுகிறது. நவம்பர், டிசம்பரில் இது அதிகம் தலைகாட்டுவதற்குக் காரணம் பெரிய பெரிய விருந்துகள்தான். இதன் வித்துகள், அதாவது கிருமியின் உறங்கும் வடிவம், சமைக்கும் சூட்டில் சாவதில்லை. இறைச்சி மெல்ல ஆறி 43 டிகிரி செல்சியஸை ஒட்டி வரும்போது முளைத்து, மிக வேகமாகப் பெருகும். கெட்டியான கிரேவி சூட்டை விடாமல் பிடித்து வைக்கும், உள்ளே காற்றும் அதிகம் புகாது. இந்தக் கிருமிக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. வாடை மாறாது, ருசியும் மாறாது. சாப்பிட்ட 6 முதல் 24 மணி நேரத்துக்குள் வலியும் பேதியும் ஆரம்பிக்கும், பெரும்பாலோருக்கு ஒரு நாளில் நின்றுவிடும். மலப் பரிசோதனைக்குக்கூட நாங்கள் பெரும்பாலும் அனுப்புவதில்லை, அறிகுறியும் மணிக்கணக்குமே போதும். ஆனால் வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அந்த ஒரு நாளிலேயே உடம்பில் நீர் வற்றிப்போகும்.

"திரும்பக் கொதிக்க வைத்தால் எல்லாம் செத்துவிடும்" என்பதையும் நம்பாதீர்கள். வெளியே கிடந்த இறைச்சியில் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற இன்னொரு பாக்டீரியா வளர்ந்து நச்சை விட்டிருந்தால், கிருமி சாகும், நச்சு கொதியிலும் அழியாது.

இவ்வளவு சொன்னதும் பையே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உலர்ந்துபோன வான்கோழி நெஞ்சுக்கறிக்கு இதைவிட நல்ல கதி கிடையாது. வெளியே உறைகிற குளிர், உள்ளே தைம் மூலிகை வாசனையோடு ஆவி பறக்கும் பை. நானும் ஒவ்வொரு வருடமும் செய்கிறேன்.

விருந்து முடிந்து எல்லோரும் கால்பந்து ஆட்டம் பார்க்கப் போகும்போதே கறியை எலும்பிலிருந்து பிரித்துவிடுங்கள். முழுக் கோழியை அப்படியே ஃபிரிட்ஜில் திணிக்காதீர்கள். ஓவனிலிருந்து எடுத்து இரண்டு மணி நேரத்துக்குள் கறி உள்ளே போயிருக்க வேண்டும். எலும்பைத் தண்ணீரில் கொதிக்கவிட்டுச் சாறு எடுப்பீர்கள், நல்லதுதான். அந்தச் சாற்றுப் பானையைப் பனிக்கட்டி போட்ட தண்ணீரில் நிறுத்திக் கிளறிக் கிளறி ஆற வையுங்கள். இரவு முழுக்க அடுப்பிலேயே விடும் வழக்கத்தை தயவுசெய்து நிறுத்துங்கள்.

அப்புறம் பை. வெண்ணெயில் வெங்காயம், கேரட், செலரியை வதக்கி, கால் கப்புக்குச் சற்று அதிகமாக மைதா தூவி, பச்சை வாசனை போனதும் இரண்டு கப் சாறும் அரைக் கப் பாலும் ஊற்றிக் கெட்டியாகக் கொதிக்கவிடுங்கள். மூன்று கப் கறி, ஒரு கப் பட்டாணி, கொஞ்சம் தைம், மிளகு.

இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். சூடான கலவை மேல் மாவை மூடினால் மாவில் உள்ள வெண்ணெய் உருகி மேலோடு தொய்ந்துபோகும், அதனால் ஆறவிடு என்று எல்லாச் செய்முறையும் சொல்லும். எங்கே, எவ்வளவு நேரம் என்று பல செய்முறைகள் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்: அகலமான தட்டில் பரப்பி, ஃபிரிட்ஜில், முக்கால் மணி நேரம். பிறகு மாவை மூடி, ஆவி போக நான்கு கீறல் போட்டு, 425 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 220 டிகிரி செல்சியஸில் வையுங்கள்.

மேலோடு பொன்னிறமாகிவிட்டது என்று வெளியே எடுத்துவிடாதீர்கள்! நடுவில் இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். கீறல் வழியாக தெர்மாமீட்டரை நடுப்பகுதிவரை விட்டுப் பாருங்கள். 165 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். மேலே கருகுவது போலிருந்தால் அலுமினியத் தாளால் மூடிவிட்டு விடுங்கள். ஆயிரம் டாலருக்கு ஓவன் வாங்குகிறோம், பதினைந்து டாலர் தெர்மாமீட்டர் மட்டும் பல வீடுகளில் இல்லை.

வியாழக்கிழமைக் கறிக்குத் திங்கள்கிழமைதான் கடைசி நாள். ஞாயிறு அன்று பை செய்தாலும் கணக்கு வியாழனிலிருந்துதான். லிஸ்டீரியா என்ற கிருமி ஃபிரிட்ஜ் குளிரிலும் மெல்ல வளரும், கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் இந்த நாள் கணக்கில் சலுகையே வேண்டாம். திங்களுக்குள் தீராது என்று தெரிந்தால் முதல் நாளே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள், இரண்டு மூன்று மாதம் வரை ருசி நன்றாகவே இருக்கும்.

யாருக்காவது பேதி ஆரம்பித்துவிட்டால் ஓ.ஆர்.எஸ். கரைத்து அடிக்கடி கொடுங்கள். மலத்தில் ரத்தம், 102 டிகிரிக்கு மேல் காய்ச்சல், சிறுநீர் குறைவது, எழுந்து நின்றால் தலைசுற்றல், இவற்றில் எது வந்தாலும் உடனே வந்துவிடுங்கள். வரும்போது என்ன சாப்பிட்டீர்கள், அது எத்தனை மணிக்கு மேசைக்கு வந்தது, எத்தனை மணிக்கு ஃபிரிட்ஜுக்குள் போனது என்று யோசித்து வையுங்கள். நான் முதலில் கேட்பது அதைத்தான்.