‘காந்த ஒத்திசைவு சிப்’ என்றால் முதலில் காந்தம் எங்கே என்று கேளுங்கள்

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பா ஒரு பிளாஸ்டிக் கவரைக் கையில் கொடுத்தார். உள்ளே 38 பக்க ரிப்போர்ட். கல்யாண மண்டபத்தில் நடந்த இலவச முகாமில் ஒரு பித்தளைத் தடியைக் கொடுத்து, ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டு உட்காரச் சொன்னார்களாம். அவ்வளவுதான். இதயம், கல்லீரல், எலும்பு, வைட்டமின் என்று எல்லாவற்றுக்கும் எண் வந்துவிட்டது. சிறுநீரகம் பலவீனமாம். அதற்கென்று 4,000 ரூபாய்க்கு ஒரு பொடியும் வாங்கி வந்திருந்தார்.

“உன் லேப்ல இருக்கிற மெஷினைத்தான் இப்ப சின்ன சிப்புல அடக்கிட்டாங்களாம்ப்பா. காந்த ஒத்திசைவுன்னு சொன்னாங்க. அதேதானே இது?” என்று கேட்டார்.

பதினெட்டு வருடமாக என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்திசைவு) கருவியோடுதான் என் வேலை. அவர் கேட்டதில் பாதி உண்மை இருந்ததால் எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. காந்த ஒத்திசைவு நிறமாலையை, அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சிக்னல் வருகிறது என்ற வரைபடத்தை, சிப்பில் எடுக்கும் ஆராய்ச்சி நிஜமாகவே நடக்கிறது. அதை நான் ஆசையோடு கவனித்து வருகிறேன். அந்த நல்ல வேலையின் பெயரை எடுத்துத்தான் மண்டபத்தில் விற்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

சரி, உண்மையான கருவி என்ன செய்கிறது? ஹைட்ரஜனின் அணுக்கரு ஒரு குட்டிக் காந்தம். வலுவான காந்தப்புலத்தில் வைத்தால் அது குறிப்பிட்ட ஒரு அதிர்வெண்ணில் சுழலும். காந்தப்புலத்தின் பலத்தை டெஸ்லா என்ற அலகில் சொல்வோம்; 1 டெஸ்லாவுக்கு 42.58 மெகாஹெர்ட்ஸ். அந்த ஹைட்ரஜன் எந்த மூலக்கூறில், எந்த அணுவின் பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து இந்த அதிர்வெண் பத்து லட்சத்தில் சில பங்கு முன்னே பின்னே நகரும். சாராயமா, சர்க்கரையா, அமினோ அமிலமா என்று நாங்கள் சொல்வது அந்தச் சின்ன நகர்வை வைத்துத்தான்.

இதில் பெரிய கஷ்டம், சிக்னல் மிக மிகப் பலவீனமானது. அணுக்கருக்களில் ஏறக்குறைய பாதி காந்தப்புலத்தோடு ஒரு பக்கம் திரும்பினால் மீதி எதிர்ப்பக்கம் திரும்பி அதை அடித்துவிடும். மிச்சம் நிற்பவைதான் சிக்னல் தரும். எங்கள் 400 மெகாஹெர்ட்ஸ் கருவியின் 9.4 டெஸ்லா காந்தத்தில்கூட, அறை வெப்பநிலையில், அந்த மிச்சம் பத்து லட்சத்துக்குச் சுமார் 32 தான். இந்தக் காந்தம் இயங்க திரவ ஹீலியம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஹீலியம் வரத் தாமதமானால் எனக்கு ராத்திரித் தூக்கம் இருக்காது. எங்களுக்கு 5 மி.மீ. கண்ணாடிக் குழாயில் அரை மில்லிலிட்டருக்கு மேல் கரைசல் தேவை. கையில் இருப்பது ஒரு துளியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் என்றால் என்ன செய்வது?

சிப் உதவிக்கு வருவது அங்கேதான். சிக்னலைப் பிடிப்பது ஒரு கம்பிச்சுருள். பெரிய சுருளுக்குள் சின்னத் துளியை வைத்தால் அதன் குரல் சுருளுக்குச் சரியாகக் கேட்காது. சுருளையும் துளி அளவுக்குச் சுருக்கிவிட்டால், இருக்கும் ஒவ்வொரு மூலக்கூறிலிருந்தும் கிடைக்கும் சிக்னல் கூடும். சுருளின் விட்டம் பாதியானால் அந்தத் திறன் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 1995இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகக் குழு நானோலிட்டர் அளவு மாதிரிக்கு (சோதிக்கும் பொருளுக்கு) இப்படிச் செய்து காட்டியது. ஒரு நானோலிட்டர் என்பது ஒரு மில்லிலிட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அப்புறம் சுருளும் அதற்கான மின்சுற்றும் ஒரே சிலிக்கானில் வந்தன. 2014இல் ஹார்வர்டின் டோன்ஹீ ஹாம் குழு 4 சதுர மில்லிமீட்டர் சிப்பில் என்.எம்.ஆர். மின்னணுப் பகுதியை அடக்கி, 0.51 டெஸ்லா நிலைக்காந்தத்தோடு சேர்த்து நிறமாலை எடுத்தது. 2017இல் சுவிட்சர்லாந்தின் லோசான் குழு 1 சதுர மில்லிமீட்டர் சிப்பை வைத்து, நீர்க்கரடி என்ற நுண்ணிய விலங்கின் ஒற்றை முட்டையிலிருந்தே சிக்னல் எடுத்தது. அந்தக் கட்டுரையைப் படித்த அன்று வேலையே ஓடவில்லை எனக்கு. ஒரு முட்டை!

ஆனால் அந்தச் சிப் இருந்த இடம் ஆளுயரப் பெரிய காந்தத்தின் வயிற்றுக்குள். சிப் சின்னதாகிவிட்டது என்பதற்காகக் காந்தம் சின்னதாகிவிடாது. செய்திகளில் விட்டுப்போகும் விஷயம் இதுதான்.

நியோடிமியம் நிலைக்காந்தத்தை வைத்துக் கருவியை மேசைமேல் கொண்டுவர முடியும், விற்பனையிலும் இருக்கிறது. அதற்கும் ஒரு வில்லங்கம் உண்டு. வெப்பம் 1 டிகிரி ஏறினால் அந்தக் காந்தத்தின் பலம் சுமார் 0.1 சதவீதம் இறங்கும். கேட்கச் சின்ன எண்தான். ஆனால் ஹைட்ரஜன் நிறமாலையின் மொத்த அகலமே பத்து லட்சத்தில் 10, 12 பங்கு. 1 டிகிரிக்கு நகர்வதோ பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு. கதவைத் திறந்து மூடினாலே நிறமாலை ஓடிப்போய்விடும். அதனால் வெப்பத்தை மில்லிடிகிரி அளவில் கட்டிப்போடுவதற்கும் காந்தப்புலத்தைச் சமன் செய்வதற்கும்தான் பாதி உழைப்பு போகிறது.

இன்னொரு எல்லையும் இருக்கிறது. மாதிரியின் அளவு குறைவாக இருக்கும்போதுதான் சிப் கைகொடுக்கும். அடர்த்தி குறைவாக இருக்கும்போது அல்ல. ரத்தத்தில் சர்க்கரை லிட்டருக்குச் சில மில்லிமோல் இருக்கும், அதைப் பார்க்க முயலலாம். பல ஹார்மோன்கள் அதைவிடப் பத்து லட்சம் மடங்கு குறைவு. நானோலிட்டர் துளியில் நேரடியாக அவற்றைத் தேடினால் கிடைக்காது. பல முறை எடுத்துக் கூட்டலாம் என்றால், சிக்னலின் தெளிவு 10 மடங்காக 100 மடங்கு நேரம் ஆகும். ஒரு நிமிடத்தில் முப்பது உறுப்புக்கு ரிப்போர்ட் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவத்தில் இந்த முறை வரவே இல்லையா? வந்திருக்கிறது, வேறு வழியாக. மூலக்கூறின் நிறமாலையை எடுக்காமல், காந்த நானோத்துகள்களை மாதிரியில் கலந்து, சுற்றியுள்ள தண்ணீரின் சிக்னல் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று மட்டும் பார்ப்பார்கள். தேடும் கிருமி இருந்தால் துகள்கள் கொத்தாகச் சேரும், அடங்கும் நேரம் மாறும். தண்ணீர் ஏராளமாக இருப்பதால் சிக்னலுக்குப் பஞ்சமில்லை, காந்தமும் சுமாராக இருந்தால் போதும். ரத்தத்தில் கேண்டிடா பூஞ்சையைக் கண்டுபிடிக்க இந்த அடிப்படையில் அமைந்த சோதனைக்கு 2014இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி தந்தது. அதற்கும் ரத்தம் எடுக்க வேண்டும், முடிவு வரச் சில மணி நேரம் ஆகும்.

சுருளே இல்லாத வழியும் வளர்கிறது. வைரத்தில் ஒரு கார்பனுக்குப் பதில் நைட்ரஜனும் அதன் பக்கத்தில் ஒரு காலியிடமும் இருந்தால், அந்த இடம் காந்தப்புலத்தை உணரும். பச்சை லேசர் அடித்தால் சிவப்பாக ஒளிரும், அந்த ஒளியின் அளவு புலத்தைச் சொல்லும். 2018இல் ஹார்வர்டில் இப்படிச் சுமார் 10 பிகோலிட்டர் (ஒரு பிகோலிட்டர் என்பது நானோலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மாதிரியிலிருந்து நல்ல தெளிவான நிறமாலை எடுத்தார்கள். ஒரே ஒரு செல்லுக்குள் இருப்பதை இப்படிப் படிக்கும் நாள் வரும் என்று நான் நம்புகிறேன்.

இத்தனை வகையிலும் சோதிக்கும் பொருள் உணர்விக்கு ஒட்டினாற்போல் இருந்தாக வேண்டும். சுருளோ வைரமோ எவ்வளவு சின்னதோ, அவ்வளவு கிட்டத்தில்தான் அதற்குக் கேட்கும். உள்ளங்கையில் பிடித்த தடி சிறுநீரகத்தின் சிக்னலைப் பிடிக்க வழியே இல்லை. எனவே யாராவது இப்படி ஒரு பெட்டியைக் காட்டினால் காந்தம் எங்கே, அது எத்தனை டெஸ்லா என்று கேளுங்கள். பெட்டியைத் தூக்கிப் பாருங்கள். சில காந்த அமைப்புகளில் புலம் உள்ளேயே அடங்கியிருக்கும், பக்கத்தில் சாவியைக் கொண்டுபோனால் இழுக்காது. ஆனால் கனம் காட்டிக்கொடுத்துவிடும். மாதிரி வைக்கும் துளை எங்கே என்றும் கேளுங்கள். ஒன்றுக்கும் பதில் இல்லையென்றால் பணம் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

மறுநாள் சித்தப்பாவோடு நானும் அந்த முகாமுக்குப் போனேன். அந்தப் பெட்டி ஒரு டிபன் பாக்ஸ் கனம்கூட இல்லை. வயதை 68 என்று சொல்லி ஒரு தடவை, 25 என்று சொல்லி ஒரு தடவை அவரையே பிடிக்கச் சொன்னேன். பத்து நிமிட இடைவெளியில் இரண்டாவது ரிப்போர்ட்டில் சிறுநீரகம் நன்றாக இருந்தது. அங்கிருந்து நேராக அரசு மருத்துவமனைக்குப் போய் ரத்தம் கொடுத்தோம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 0.9, சரியான அளவு. பொடி டப்பாவைச் சித்தி பரண்மேல் தூக்கிப் போட்டுவிட்டார்.