எலிக்கு அனுமதி வாங்கினீர்கள், கூண்டு கழுவும் அக்காவுக்கு?

போன கிழமை மட்டக்களப்பில் ஓர் ஆய்வுகூடத்தின் விலங்கு அறைக்குப் போனேன். யன்னலால் கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. கூண்டு கழுவும் அக்கா ஈர மரத்தூளை வெறுங்கையால் அள்ளி உரப்பையில் போட்டார். நிலத்தில் சிந்திக் காய்ந்ததைத் தும்புத்தடியால் கூட்ட, தூசி நேரே முகத்துக்கு எழும்பியது. அந்த எலிகளுக்கு முதல்நாள்தான் ஸ்ட்ரெப்டோசோட்டோசின் ஏற்றியிருந்தார்கள்.

"எலிக்கு மருந்துதான் குடுத்திரிக்காம் சேர், பயமில்லையாம்" என்றார் அக்கா.

இந்த வருடத்தில் இப்படி நான் பார்ப்பது இது மூன்றாவது விலங்கு அறை.

அது மருந்தில்லை, ஆய்வு செய்யும் பிள்ளைகளே. சிறுகுறிஞ்சா நீரிழிவைக் குறைக்குமா என்று பார்க்க, முதலில் எலிக்கு நீரிழிவை வரவைக்கும் நஞ்சு. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2பி பிரிவில் வைத்திருக்கும் பொருள். சில கணையப் புற்றுநோய்களுக்கு இதையே மருந்தாகவும் ஏற்றுவார்கள், உண்மைதான். அங்கே தாதியர் கையுறையில்லாமல் அந்தக் குப்பியைத் தொடமாட்டார்கள்.

மாணவரைக் கேட்டால் ஒரே பதில்: "எதிக்ஸ் அனுமதி இருக்கு சேர்." அதாவது, ஆய்வு ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி. இதைக் கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டேன். எதிக்ஸ் கமிட்டி முக்கியமாகக் கேட்பது எலியைப் பற்றி: எத்தனை எலி, வலிக்குமா, எப்படிக் கொல்லுவீர்கள். பாதுகாப்பு அனுமதி கேட்பது மனிதரைப் பற்றி: தூளை நிறுப்பது யார், எலியின் உடம்பிலிருந்து அது எந்த வழியால் வெளியேறும், எத்தனை நாளைக்கு, மரத்தூளை மாற்றுவது யார், செத்த எலி எங்கே போகும், அறைக்குள் கர்ப்பிணி யாரும் வருவாரா. எதிக்ஸ் கடிதத்தில் நூறு கையெழுத்து இருந்தாலும் இந்தப் பாதுகாப்புக் கேள்விகளில் ஒன்றுக்கும் அதில் பதில் இல்லை.

"ஒரு எலிக்குப் 12 மில்லிகிராம்தானே" என்பார்கள். 200 கிராம் எலிக்குக் கிலோவுக்கு 60 மில்லிகிராம் படி கணக்குச் சரி. ஆனால் உங்கள் கையிலிருப்பது 1 கிராம் குப்பி, 80 எலிக்கு மேல் காணும். அதை மின்விசிறிக்குக் கீழே திறந்து நிறுக்கிறீர்கள்! இரத்தத்திலிருந்து அது சீக்கிரம் மறைந்துவிடும், சரி. மறைந்து போகிற இடம் சிறுநீர். நீரிழிவு வந்த எலி எவ்வளவு பெய்யும் என்று கூண்டு கழுவுகிறவருக்குத்தான் தெரியும்.

தூளைப் புகைக்கூண்டுக்குள், அதாவது தூசியையும் ஆவியையும் உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வுகூடப் பெட்டிக்குள், நிறுங்கள். ஊசிக்குத் திரும்ப மூடி போடாதீர்கள். ஏற்றிய பின் குறைந்தது 3 நாள் அந்த மரத்தூள் நச்சுக்கழிவு: மேலே தண்ணீர் தெளித்து, கையுறையும் முகக்கவசமும் போட்டு அள்ளி, இரட்டைப் பையில் கட்டி எரியுலைக்கு அனுப்புங்கள். வளவு மூலையில் கொளுத்தவும் வேண்டாம், வாவிக்கரையில் கொட்டவும் வேண்டாம். தும்புத்தடியை அந்த அறையிலிருந்தே எடுத்துவிடுங்கள். யூரித்தேன், காபன் டெட்ராகுளோரைட்டு, போர்மலின் போன்ற நச்சு இரசாயனங்களைப் பாவிப்பவர்களும் ஊசி ஏற்றும் நாளுக்கு முன்பே இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வையுங்கள்.

இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன். அந்தக் கூண்டு அட்டைகளில் நஞ்சின் பெயர்ச் சுருக்கமாக ஆங்கிலத்தில் மூன்றெழுத்தும் திகதியும் மட்டும் இருந்தன. அக்காவுக்கு அது விளங்காது. தமிழில், பெரிய எழுத்தில் எழுதுங்கள்: "நஞ்சு ஏற்றிய எலி. வெறுங்கையால் தொடவேண்டாம்." எழுதிவிட்டு அவரைக் கூப்பிட்டு வாயாலும் சொல்லுங்கள்.