100 டாலர் வரி, 1,000 டாலர் கட்டணம்: அமெரிக்க மாநிலங்களின் காப்புறுதிக் கணக்கு

"என் தம்பி அமெரிக்கக் குடிமகன். டெக்சஸில் வேலை போய்விட்டது. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் கிடைக்காது என்கிறார்கள். கலிஃபோர்னியாவில் இருந்தால் கிடைக்குமாம். ஒரே நாடுதானே?" ஈசூன் வாசகர் ஒருவரின் கேள்வி இது.

நம் சிங்கப்பூரில் 2015 நவம்பர் 1 முதல் மெடிஷீல்டு லைஃப் என்ற தேசிய மருத்துவக் காப்புறுதி குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லோருக்கும் பொருந்துகிறது. அமைச்சு அறிவித்தால் அதுவே நாடு முழுவதற்கும் விதி. அமெரிக்காவிலோ சில சட்டங்கள் தலைநகரில் பிறந்தாலும் அவற்றை ஏற்பதா என்பதை மாநிலம் தீர்மானிக்கலாம். வறுமைக்கோட்டின் 138 விழுக்காடு வரை வருமானம் உள்ள, 65 வயதுக்குட்பட்ட பெரியவர்களுக்கும் மெடிக்கெய்ட் என்றது 2010 மருத்துவக் காப்புறுதிச் சட்டம். 2012ல் உச்ச நீதிமன்றம் அதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. டெக்சஸ், ஃபுளோரிடா உட்பட 10 மாநிலங்கள் இன்றும் மெடிக்கெய்டை இப்படி விரிவாக்கவில்லை.

மாநிலங்கள் எப்படி முடிவெடுக்கின்றன? கட்சி அரசியல் உண்டு. ஆனால் பணக் கணக்கைப் பார்த்தால்தான் முழுதாகப் புரியும். வழக்கமான மெடிக்கெய்ட் செலவில் மத்திய அரசின் பங்குக்கு ஓர் அழகான சூத்திரம் இருக்கிறது. மாநிலத்தின் தனிநபர் வருமானத்தை நாட்டுச் சராசரியால் வகுத்து, விடையை வர்க்கப்படுத்தி, 0.45ஆல் பெருக்கி, 1லிருந்து கழிக்க வேண்டும். சராசரி மாநிலத்துக்கு 55 விழுக்காடு வரும். சராசரியைவிட 10 விழுக்காடு ஏழையான மாநிலத்துக்குக் கிட்டத்தட்ட 63.5. வர்க்கப்படுத்துவதால் வருமானம் சிறிது குறைந்தாலும் உதவி அதிகமாக ஏறுகிறது. பணக்கார மாநிலத்துக்கும் 50க்குக் கீழ் போகாது. விரிவாக்கத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் எல்லா மாநிலத்துக்கும் 90.

மீதி 10 விழுக்காட்டை மாநிலம் எங்கிருந்து எடுக்கிறது? பல மாநிலங்களில் மருத்துவமனைகளிடமிருந்தே. மருத்துவமனை 100 டாலர் வரி கட்டுகிறது. மாநிலம் அதையே தன் பங்காக வைக்கிறது. மத்திய அரசு 900 சேர்க்கிறது. மெடிக்கெய்ட் நோயாளிகளுக்கான கட்டணமாக 1,000 டாலர் மருத்துவமனைகளுக்குத் திரும்புகிறது. 50 விழுக்காட்டுப் பங்கில் இதே 100 டாலர் 200 ஆகத்தான் திரும்பும். 2023 டிசம்பரில் விரிவாக்கிய வட கரோலினா தன் பங்கை மருத்துவமனைகளிடமிருந்தே வாங்குகிறது.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கட்டிய வரி அவரவருக்குத் திரும்ப வரும் என்று மாநிலம் உறுதி தரக் கூடாது. வரி பொதுவாக எல்லா மருத்துவமனைகளுக்கும் ஒரே மாதிரி விழ வேண்டும். ஆகவே ஏழை நோயாளிகள் அதிகமுள்ள மருத்துவமனைக்கு லாபம், குறைவாக உள்ளதற்கு நட்டம். இதை மோசடி என்று திட்டுவோர் உண்டு. ஏழைகளைப் பார்க்கும் மருத்துவமனை பக்கம் பணத்தை நகர்த்தும் நல்ல பொறிமுறை என்பதே என் கருத்து.

2025 ஜூலைச் சட்டம் இந்தப் பொறிமுறையில்தான் கை வைத்தது. நிகர நோயாளி வருவாயில் 6 விழுக்காடாக இருந்த வரி வரம்பு, விரிவாக்கிய மாநிலங்களில் 2028 முதல் ஆண்டுக்கு அரை விழுக்காடு வீதம் இறங்கி 2032ல் 3.5 ஆகும். புதிய வரிகளுக்கு எங்கும் தடை. மாநிலங்களுக்கு மிஞ்சும் வழிகள் சில: மருத்துவர் கட்டணத்தைக் குறைப்பது, பெரியவர்களின் பல் சிகிச்சை போன்ற கட்டாயமற்ற சலுகைகளை வெட்டுவது, சொந்த வரியை ஏற்றுவது. மத்திய பங்கு 90க்குக் கீழ் இறங்கினால் விரிவாக்கத்தையே நிறுத்தும் சட்டம் வட கரோலினா உள்ளிட்ட சில மாநிலங்களில் தயாராக உள்ளது.

2027 ஜனவரி முதல் விரிவாக்கத்தில் உள்ளவர்களில் விலக்கு இல்லாதோர் மாதம் 80 மணி நேர வேலை, படிப்பு அல்லது சமூக சேவையைக் காட்ட வேண்டும். 2018ல் ஆர்கன்சா இதைச் செய்தபோது 18,000க்கும் மேற்பட்டோர் காப்புறுதி இழந்தனர். பதிவுக்கான இணையத்தளம் இரவு 9 முதல் காலை 7 வரை மூடியிருந்தது. இரவு ஷிஃப்ட் முடித்து வந்தவர் எப்போது பதிவார்?

ஈசூன் வாசகரின் தம்பிக்கு வருவோம். டெக்சஸில் பிள்ளைகளும் உடற்குறையும் இல்லாத, 65 வயதுக்குட்பட்ட பெரியவருக்கு எவ்வளவு குறைந்த வருமானத்திலும் மெடிக்கெய்ட் இல்லை. 2010 சட்டம் அமைத்த சந்தையில் தனியார் காப்புறுதி வாங்குவதற்கான மானியமோ வறுமைக்கோட்டின் 100 விழுக்காட்டிலிருந்துதான் தொடங்கும். அதற்குக் கீழே உள்ளவர்களை மெடிக்கெய்ட் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்து எழுதப்பட்ட சட்டம் அது. 2026 காப்புறுதிக்கு, தனி ஆளுக்கு அந்தக் கோடு 15,650 டாலர். இதுவரை வாங்கிய சம்பளம், வேலையின்மை உதவித்தொகை, பகுதி நேர வருமானம் எல்லாம் சேர்த்து ஆண்டு வருமானம் அதைத் தாண்டுமா என்று அவர் முதலில் கூட்டிப் பார்க்கட்டும். தாண்டினால், வேலைவழிக் காப்புறுதி முடிந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.