திருத்திய பிழை திரும்பி வந்த கதை

ஏற்காட்டில் ஒன்றே கால் ஏக்கர் காபித் தோட்டம். விற்பவர் பெங்களூரில், வாங்குபவர் சேலம் செவ்வாய்பேட்டையில். நடுவில் அஸ்தம்பட்டியில் உட்கார்ந்து கிரயப் பத்திரம் எழுதிய வக்கீல் நான்.

இரண்டாவது டிராஃப்டில் வாங்குபவரின் மகன் ஒரு பிழையைப் பிடித்தார். சர்வே எண்ணின் உட்பிரிவு '2ஏ' என்பது '2பி' ஆகியிருந்தது. 2பி பக்கத்துத் தோட்டக்காரருடையது. மூன்றாவதில் திருத்திவிட்டேன். விற்பவரோ தன் போனில் கிடந்த இரண்டாவது டிராஃப்டிலேயே தகப்பனார் பெயரைச் சரிசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கடைசியாக வந்தது இதுதானே என்று அதன்மேலேயே மீதி வேலையைப் பார்த்தேன். போன 2பி திரும்பி வந்து முத்திரைத்தாளில் ஏறிவிட்டது.

பட்டா மாறுதலுக்குப் போனபோதுதான் தெரிந்தது. பிழைதிருத்தல் பத்திரம் எழுதி, விற்பவரைப் பெங்களூரிலிருந்து மறுபடி வரவழைக்க வேண்டியதாயிற்று. அன்று அவர் என்னிடம் பேசியதை இங்கே எழுத முடியாது. தப்பு என்னுடையதுதான்.

திருத்தாத பிழை யார் கண்ணிலாவது பட்டுவிடும். திருத்தியாயிற்று என்று எல்லாரும் நம்புகிற இடத்தை யாரும் மறுபடி படிப்பதில்லை.

இப்போது வேர்டு ஃபைல் என் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போவதில்லை. கட்சிக்காரர்களுக்கு பி.டி.எஃப். மட்டும்தான். திருத்தத்தைப் பேனாவால் குறித்து அனுப்பட்டும், வாய்ஸ் மெசேஜில் சொல்லட்டும், டைப் செய்வது நான் ஒருவன்தான். ஃபைல் பெயர் 2025-03-07 என்று வருடத்தில் தொடங்கும். அப்போதுதான் தேதி வரிசையில் நிற்கும். 'ஃபைனல்', 'நியூ ஃபைனல்' எல்லாம் எங்கள் ஆபீசில் கெட்ட வார்த்தை. பிரிண்டுக்கு முன் வேர்டின் ரிவியூ பகுதியில் உள்ள கம்பேர் வசதியில் முந்தைய டிராஃப்டையும் இதையும் ஒப்பிடுவேன். எங்கெங்கே மாறியிருக்கிறதென்று அதுவே காட்டிவிடும்.

சொத்து விவரம் வரும் தபசிலுக்கு மட்டும் அது போதாது. முதல் டிராஃப்டிலேயே தப்பு இருந்தால் இரண்டும் ஒத்துப்போய்விடுமே! அதனால் மூலப் பத்திரத்தையும் பட்டாவையும் வைத்துக்கொண்டு ஜூனியர் சத்தமாகப் படிப்பார், நான் விரல் வைத்துப் பார்ப்பேன். சர்வே எண், விஸ்தீரணம், செக்குபந்தி என்கிற நான்கு எல்லைகள் மூன்றும்.

பிரிண்ட் எடுத்த பிறகு அடித்தல் திருத்தல் செய்தால், அந்த இடத்தில் எழுதிக்கொடுப்பவர் கையெழுத்தோ சுருக்கொப்பமோ வேண்டும். இல்லையென்றால், 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவுப்படி சார்பதிவாளர் பத்திரத்தை வாங்க மறுக்கலாம்.

உயிலில் சிக்கல் இன்னும் மோசம். அங்கே கடைசி உயில்தான் செல்லும். பீரோவில் கையெழுத்தான இரண்டு உயில் தேதியில்லாமல் கிடந்தால், எது கடைசி என்று பிள்ளைகள் கோர்ட்டுக்கு வந்து நிற்பார்கள்.