சரியாகச் சொல்கிற மாடலை ஏன் சந்தேகப்பட வேண்டும்?

நிமோனியாவோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் யாரை உள்ளே சேர்க்க வேண்டும், யாரை மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம்? 1990களின் நடுவில் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு, இதைக் கம்ப்யூட்டரால் கணிக்க முடியுமா என்று பார்த்தது. அதில் நியூரல் நெட்வொர்க்கை, அதாவது டேட்டாவிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் ஒரு வகைக் கம்ப்யூட்டர் மாடலை, பழக்கியவர் ரிச் கருவானா, அப்போது பிஎச்டி மாணவர், பிற்பாடு கார்னெல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் 0.5, பிசகே இல்லாமல் சொன்னால் 1 என்கிற ஓர் அளவுகோலில் அவருடைய மாடல் 0.86 வாங்கியது. வழக்கமான புள்ளியியல் முறையான லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் 0.77தான். சரி, பெரிய மதிப்பெண் வாங்கியதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று தோன்றும்.

கருவானா வேண்டாம் என்றார். அதே டேட்டாவை வைத்து, படித்தால் புரிகிற மாதிரி விதிகளை உருவாக்கும் இன்னொரு முறையையும் குழுவில் ஒருவர் முயன்று பார்த்திருந்தார், அதிலிருந்து வந்த ஒரு விதி, ஆஸ்துமா இருக்கிற நிமோனியா நோயாளிக்கு ஆபத்து குறைவு என்றது. எந்த டாக்டரும் இதை ஏற்கமாட்டார். ஆனால் டேட்டா பொய் சொல்லவில்லை. ஆஸ்துமாக்காரர் நிமோனியாவோடு வந்தால் பெரும்பாலும் நேரே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், அந்தக் கவனிப்பால் அவர்களில் இறந்தவர்கள் குறைவு, மாடலுக்குத் தெரிந்ததோ கடைசியில் யார் பிழைத்தார்கள் என்பது மட்டும்தான். இதை நம்பி அவர்களை வீட்டுக்கு அனுப்பினால், எது அவர்களைக் காப்பாற்றியதோ அதையே பிடுங்கிக்கொள்வதாக ஆகும்.

ஆஸ்துமா விஷயம் கண்ணில் பட்டதால் அதைத் திருத்திவிடலாம். உள்ளே என்ன நடக்கிறது என்று படிக்கவே முடியாத நியூரல் நெட்வொர்க்கில் இதுபோல் இன்னும் என்னென்ன ஒளிந்திருக்கிறதோ, அதுதான் அவருடைய பயம். பயம் வீண்போகவில்லை. கிட்டத்தட்ட அதே அளவு துல்லியத்தோடு, ஒவ்வொரு காரணியும் ஆபத்தை எவ்வளவு ஏற்றுகிறது, இறக்குகிறது என்று தனித்தனி வரைபடமாகப் பார்த்துத் திருத்தக்கூடிய ஒரு மாடலை 2015இல் அவரும் சகாக்களும் வெளியிட்டபோது, நெஞ்சுவலியும் இதய நோயும்கூட அதே மாதிரி ‘ஆபத்தைக் குறைக்கிற’ பட்டியலில் உட்கார்ந்திருந்தன.

நம்பகமான ஏஐ என்று இன்று ஒரு துறையாக வளர்ந்திருப்பதில் பெரும்பகுதி இந்த வேலைதான்: பதில் சரியா என்பதோடு நிற்காமல், எதை வைத்து அந்தப் பதில் வந்தது என்று தோண்டுவது.

எப்படித் தோண்டுவது? வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மார்கோ ரிபெய்ரோ என்கிற மாணவரும், சமீர் சிங், பேராசிரியர் கார்லோஸ் கெஸ்ட்ரின் ஆகியோரும் 2016இல் கொண்டுவந்த லைம் என்ற முறை நல்ல உதாரணம். ஒரு படத்தைச் சின்னச் சின்னத் திட்டுகளாகப் பிரித்துக்கொள்வார்கள், சிலவற்றை மறைத்துவிட்டு மாடலிடம் ‘இப்போ என்ன சொல்கிறாய்’ என்று கேட்பார்கள், பிறகு வேறு சிலவற்றை மறைத்துக் கேட்பார்கள், இப்படியே திரும்பத் திரும்ப. எந்தத் திட்டை மறைத்தபோது மாடலின் பதில் ஆட்டம் கண்டது என்பதை ஓர் எளிய நேர்கோட்டுச் சமன்பாட்டில் பொருத்திப் பார்த்தால், பதிலுக்குக் காரணமான திட்டுகள் தனியே தெரிந்துவிடும். மாடலைத் திறந்து பார்க்கவே தேவையில்லை.

இதைச் சோதிக்க அவர்கள் செய்தது கொஞ்சம் குறும்பான வேலை. ஓநாயையும் ஹஸ்கி நாயையும் பிரித்துச் சொல்ல ஒரு மாடலை வேண்டுமென்றே மோசமாகப் பழக்கினார்கள். பயிற்சிக்கு வெறும் 20 படங்கள். ஓநாய்ப் படங்களில் எல்லாம் பனி, ஹஸ்கி படங்களில் பனியே கிடையாது. மாடல் கற்றுக்கொண்டது பனி இருந்தால் ஓநாய் என்பதை மட்டும். அப்புறம் அது கணித்த 10 படங்களை, மெஷின் லேர்னிங் பாடம் படித்த 27 முதுநிலை, ஆய்வு மாணவர்களிடம் காட்டினார்கள். எட்டு சரி, இரண்டு தப்பு. 10 பேர் இந்த மாடலை நம்பலாம் என்றார்கள்! லைம் விளக்கத்தைக் காட்டிய பிறகு அது 3 பேராகக் குறைந்தது. பனிதான் காரணமாக இருக்கலாம் என்று முதலில் சொன்னவர்கள் 12 பேர், விளக்கத்துக்குப் பிறகு 25 பேர்.

பாடம் படித்தவர்களே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏமாந்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது. பாடத்தில் மாடலைக் கட்டச் சொல்லித்தருகிறார்கள், உடைக்கச் சொல்லித்தருவது பெரும்பாலும் ஆய்வுக்கு வழிகாட்டுகிற பேராசிரியர், அதாவது கைடுதான். 95 சதவீதம் வந்துவிட்டது என்று மாணவர் ஓடிவந்தால், மிச்சம் 5 சதவீதத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பவர் நல்ல கைடு. சாதாரணக் கேள்விதான், ஆனால் எம்ஐடியில் ஜாய் புவோலம்வினி இதே கேள்வியைத் தன் முதுநிலை ஆய்வேட்டுக்காகப் பிடித்துக்கொண்டார். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்களின் மொத்தத் துல்லியத்தை நிறத்தையும் பாலினத்தையும் வைத்துப் பிரித்தபோது, டிம்னிட் கெப்ருவுடன் அவர் 2018இல் வெளியிட்ட கட்டுரையின்படி, வெளிர்நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம், கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை. சராசரி இதையெல்லாம் அழகாக மூடி வைத்திருந்தது.

விளக்கம் தருகிற கருவியையும் அப்படியே நம்பிவிட முடியாது, அது வேறு தலைவலி. மாடல் படத்தின் எந்த இடத்தைப் ‘பார்க்கிறது’ என்று பளிச்சென்று வரைந்து காட்டும் முறைகள் நிறைய இருக்கின்றன. 2018இல் ஜூலியஸ் அடெபயோவும் சகாக்களும் மாடல் கற்றுவைத்திருந்த எடைகளை (அது கற்றதெல்லாம் பதிந்திருக்கிற எண்களை) எல்லாம் கலைத்து, வாய்க்கு வந்த எண்களைப் போட்டுவிட்டு அதே கருவிகளை ஓட்டினார்கள். எதுவும் தெரியாத மாடலுக்கு விளக்கமும் குப்பையாகத்தானே வர வேண்டும்? சில முறைகளில் படம் பெரிதாக மாறவே இல்லை. அவை காட்டியது மாடலின் புத்தியை இல்லை, படத்திலேயே இருக்கிற விளிம்புக் கோடுகளைத்தான். இந்தச் சோதனைக்குப் புது டேட்டா எதுவும் வேண்டாம், எடைகளைக் கலைத்து மறுபடி ஓட்டினால் போதும், அந்த வண்ணப் படத்தைக் கட்டுரையில் ஒட்டுவதற்கு முன்னால் மாணவர் செய்து பார்த்துவிடலாம்.