சொட்டு மருந்து கண்ணுக்குள்தான் விழுகிறதா?

கிளாகோமா எனப்படும் கண் அழுத்த நோய்க்கு மருந்து போட்டுக்கொள்ளும் பெரியவர்கள் மறுபரிசோதனைக்கு வரும்போது, பாட்டிலையும் கையோடு கொண்டுவரச் சொல்வேன். "வீட்டில் எப்படி விடுவீர்களோ, அப்படியே ஒரு சொட்டு விட்டுக் காட்டுங்கள்" என்பேன். பெரும்பாலும் நடப்பது இதுதான். தலையைக் கொஞ்சமாகத்தான் அண்ணாந்து வைப்பார்கள். கை நடுங்கும். பாட்டில் நுனி இமை முடியில் இடிக்கும். அழுத்துகிற நொடியில் கண் தானாக மூடிக்கொள்ளும், சொட்டு கன்னத்தில் வழியும். உடனே இன்னும் ரெண்டு சொட்டு. "ஒரு வேளைகூட விடாம போட்டுக்கிறாரு டாக்டர்" என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த மகள் அப்படியே அமைதியாகிவிடுவார். அவர் சொன்னது பொய் இல்லை. அப்பா வேளை தவறாமல்தான் போடுகிறார், மருந்துதான் கண்ணுக்குள் போய்ச் சேரவில்லை.

இதை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன் என்றால், இந்த நோயில் போன பார்வை திரும்பாது. பெரும்பாலான கிளாகோமாவில் வலி இருக்காது, கண் சிவக்காது. பார்வை நரம்பு மெல்ல மெல்ல அழியும், பார்வை ஓரத்திலிருந்து குறையும். ஒரு கண்ணில் குறைவதை இன்னொரு கண் ஈடுகட்டிவிடுவதால் வெகுநாள் வரை தெரியவே தெரியாது. மருந்து போட்டாலும் பார்வை கூடாது, இருப்பதைக் காப்பாற்றும், அவ்வளவுதான். "மூணு மாசமா போடுறேன், ஒரு வித்தியாசமும் தெரியலையே" என்று நிறுத்திவிடுகிறவர்கள் அதனால்தான் அதிகம். வித்தியாசம் தெரியாமல் இருப்பதற்காகத்தான் அந்த மருந்து என்பதை அம்மாவிடமும் அப்பாவிடமும் நீங்கள் உட்கார்ந்து சொல்ல வேண்டும். நான் 5 நிமிடத்தில் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் நன்றாகப் பதியும்.

விடும் முறைக்கு வருவோம். கையைக் கழுவிக்கொள்ளுங்கள். அவர்களைப் படுக்க வைத்தால் பாதி சிரமம் தீர்ந்துவிடும். கீழ் இமையை ஒரு விரலால் மெல்ல இழுத்தால் சிறிய பை மாதிரி ஓர் இடம் தெரியும். மேலே பார்க்கச் சொல்லிவிட்டு அந்தப் பைக்குள் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். பாட்டில் எங்கும் படக் கூடாது. ஒரு சொட்டு முழுவதையுமே கண்ணால் தாங்கிக்கொள்ள முடியாது, இரண்டாவது வெளியேதான் வழியும். பிறகு கண்ணை மென்மையாக மூடச் சொல்லி, மூக்கை ஒட்டிய உள்மூலையை விரல் நுனியால் 2 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கண்ணீர் மூக்குக்குள் இறங்கும் வழி அங்கேதான் இருக்கிறது. அதை அடைக்காவிட்டால் மருந்து அந்த வழியாக இறங்கி ரத்தத்தில் கலந்துவிடும். டைமோலால் போன்ற மருந்து அப்படிக் கலந்தால் இதயத் துடிப்பைக் குறைக்கும், ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். ஆகவே மூச்சுத் தொல்லையோ இதய நோயோ இருந்தால் கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மற்ற மருத்துவர்களிடம் காட்டும் மாத்திரைப் பட்டியலிலும் சொட்டு மருந்தின் பெயர் இருக்கட்டும். "கண்ணுக்குத்தானே" என்று விட்டுவிடுகிறார்கள்.

இரண்டு மருந்து இருந்தால் நடுவில் குறைந்தது 5 நிமிடம் இடைவெளி வேண்டும். இல்லையென்றால் பின்னால் விடுவது முன்னால் விட்டதைக் கழுவிக்கொண்டு போய்விடும். பாட்டில்கள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் காலை மருந்துக்கு ஒரு ரப்பர் பேண்ட், இரவு மருந்துக்கு இரண்டு எனச் சுற்றி வைத்தால் தடவிப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். திறந்த தேதியைப் பாட்டிலில் எழுதுங்கள். பெரும்பாலான மருந்துகளைத் திறந்து 4 வாரத்துக்குப் பிறகு பயன்படுத்தக் கூடாது, லேபிளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்கு வர வேண்டிய பாட்டில் பதினைந்து நாளில் தீர்ந்தால் மருந்து வெளியே போகிறது, இரண்டு மாதம் வந்தால் வேளைகள் விட்டுப்போகின்றன. தூரத்தில் இருக்கும் பிள்ளைகள் போனில் இதைக் கேட்டாலே போதும். தானே சரியாகப் போட்டுக்கொள்ள முடிகிறவரிடமிருந்து பாட்டிலை வாங்கிவிடாதீர்கள்.

கண்புரைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதைக் கரைக்கும் சொட்டு மருந்து கிடையாது, அறுவை சிகிச்சைதான் வழி. "நல்லா முத்தட்டும்" என்று காத்திருப்பது பழைய பழக்கம். அன்றாட வேலைக்கு இடைஞ்சல் என்றால் அதுவே நேரம், ரொம்ப முற்றினால் அறுவைதான் கடினமாகும்.

விழித்திரையின் மையம் தேயும் மாக்குலா நோய் வேறு விதம். இதில் ஓரம் தெரியும், நேரே பார்ப்பது மங்கும். முகம் தெரியாது, எழுத்து நடுவில் அழிந்தாற்போல இருக்கும். இதில் உலர் வகை மெதுவாகப் போகும். ரத்தக்குழாய் கசியும் ஈர வகையோ சில நாட்களில் பார்வையைக் கெடுத்துவிடும், கண்ணுக்குள் ஊசி போட்டால் பெரும்பாலும் கட்டுப்படுத்தலாம். உலர் வகை எந்த நேரமும் ஈர வகையாக மாறக்கூடும் என்பதால் வீட்டில் கவனிக்க வேண்டும். ஆம்ஸ்லர் கட்டம் என்று ஒரு தாள் தருவோம். படிக்கும் கண்ணாடியோடு, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் நடுப்புள்ளியைப் பார்க்க வேண்டும். கோடு நெளிந்தாலோ, எங்காவது காணாமல் போனாலோ உடனே வாருங்கள். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் சோதனைக்கே அர்த்தமில்லை. தாள் இல்லாவிட்டால் கதவு நிலையின் நேர்க்கோட்டைப் பார்க்கச் சொல்லலாம்.

மருந்தைப் போலவே வெளிச்சமும் முக்கியம். பாவை சுருங்கி, லென்ஸ் மஞ்சளித்துப் போவதால், 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்கு 20 வயதுக் கண்ணுக்குப் போவதில் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம்தான் போய்ச் சேருகிறது. உங்களுக்குப் போதுமான விளக்கு அவர்களுக்குப் போதாது. படிக்கும்போது விளக்கு தோளுக்குப் பின்னாலிருந்து தாளில் விழட்டும், கண்ணில் அடிக்கக் கூடாது. படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு வேண்டும். படி விளிம்பில் பளிச்சென்ற நிறத்தில் டேப் ஒட்டுங்கள். இரட்டைக் கண்ணாடி போடுபவர்களுக்குக் கீழ்ப்பாதியில் படி மங்கலாகத்தான் தெரியும், விழுவதற்கு அதுவும் ஒரு காரணம். பொருட்களை இடம் மாற்றாதீர்கள்.

அதிகம் பேசப்படாத இன்னொன்று இருக்கிறது. பார்வை வெகுவாகக் குறைந்தவர்களில் சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும். சின்னச் சின்ன மனிதர்கள், பூ வேலைப்பாடு, அறியாத முகங்கள். சார்ல்ஸ் போனே என்ற ஜெனீவா அறிஞர் 1760-இல் தன் தாத்தாவுக்கு இப்படி நடந்ததை எழுதிவைத்தார், அவர் பெயரிலேயே இது அழைக்கப்படுகிறது. கண்ணிலிருந்து செய்தி வராதபோது மூளை தானாகப் படம் வரைந்துகொள்கிறது. பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் பெரியவர்கள் மூச்சே விடுவதில்லை. நீங்களாகவே மெதுவாகக் கேளுங்கள். இது கண்ணால் வருவது என்று தெரிந்ததுமே பலருக்குப் பாதி பயம் போய்விடுகிறது. குழப்பமும் மறதியும் சேர்ந்து இருந்தால் மட்டும் வேறு காரணம் தேட வேண்டும்.

திடீரென்று மின்னல் வெட்டுவது போலத் தெரிவது, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதப்பது, திரை விழுந்தாற்போல ஒரு பக்கம் மறைவது, கண் சிவந்து கடும் வலியோடு வாந்தி, மெல்லும்போது தாடை வலித்து நெற்றிப்பொட்டு நோவது, இவற்றில் எதுவானாலும் காலையில் பார்க்கலாம் என்று விடாதீர்கள். கண் உறுத்துகிறது என்று மருந்துக் கடையில் ஸ்டீராய்டு சொட்டு வாங்கிப் போடவும் வேண்டாம். அது கண் அழுத்தத்தை ஏற்றும், புரையையும் வரவழைக்கும்.

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கிளாகோமா என்றால் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு அதிகம். நீங்கள் 40-ஐத் தாண்டியிருந்தால், அடுத்த முறை அவர்களை அழைத்து வரும்போது உங்கள் பெயரையும் பதிந்துகொண்டு கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.