பத்து என்றால் எந்தப் பத்து?

கொரோனாத் தொற்று பரவிய 2020ஆம் ஆண்டு ஒக்ரோபர் 9ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, கனடாவின் ரொறன்ரோ நகரில் ஸ்காபரோவில் உள்ள எனது வைத்திய நிலையத்துக்கு ஒரு தாயார் தொலைபேசியில் அழைத்தார். வீட்டில் எட்டுப் பேர். மூத்த மகனுக்கு இரண்டு நாட்களாகக் காய்ச்சலும் இருமலும் இருந்தன. வரும் திங்கட்கிழமை நன்றி தெரிவித்தல் நாள் விடுமுறை. "பத்துப் பேர் கூடலாம் எண்டு மேயர் சொன்னவர்தானே, டொக்டர். நாங்கள் எட்டுப் பேர், தங்கச்சியும் மனுசனும் வந்தால் சரியாப் பத்து" என்றார். அவர் அசட்டையானவர் அல்லர். மேயரின் அறிவித்தலைக் கேட்டு, எண்ணி, அதற்குள் அடங்கித் தன் குடும்பத்தை நடத்த முயன்றவர். அப்படிப்பட்டவர்கூட எப்படி வழிதவறினார் என்பதை அன்றிலிருந்து நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஆண்டு மார்ச் 23ஆம் திகதி ரொறன்ரோ நகரில் அவசரநிலையை அறிவித்த மேயர் ஜோன் ரொறி, நகரின் பொதுச் சுகாதாரத் தலைமை வைத்திய அதிகாரி ஐலீன் டி வில்லாவுடனும் தீயணைப்புத் தலைமை அதிகாரி மத்தியூ பெக்குடனும் சேர்ந்து, ஒவ்வொரு வாரமும் ஊடகங்களின் முன் தோன்றி நிலைமையை விளக்கி வந்தார். அந்த விளக்கங்களை நான் மதிப்போடு நினைவுகூர்கிறேன். கெட்ட செய்தியை மறைக்காமல், எண்ணிக்கை ஏறினால் ஏறியது என்று சொன்னார்கள். வைத்திய அதிகாரி பேசும்போது மேயர் ஒதுங்கி நின்று கேட்டதும் மக்களுக்கு நம்பிக்கை தந்தது. ஆனால் அங்கே ஆங்கிலத்தில் சொல்லப்பட்ட ஒரு செய்தி, எங்கள் வீடுகளுக்கு வந்து சேரும்போது, அதன் திகதியும் நிபந்தனையும் வழியிலேயே உதிர்ந்துபோய், எண் மட்டுமே மிஞ்சியது. நகரசபை தமிழிலும் தகவல்களை வெளியிட்டது உண்மைதான். எனினும் பேரப்பிள்ளை கேட்டுச் சொன்னதும், வட்ஸ்அப்பில் பெரியம்மா அனுப்பியதுமே முதலில் வந்து சேர்ந்தன.

மிஞ்சிய எண் பெரும்பாலும் பத்தாகவே இருந்தது. ஜூன் மாதத்தில் ஒன்ராறியோ மாகாண அரசு 'சமூக வட்டம்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது: வீட்டாரையும் சேர்த்து 10 பேர், தமக்குள் இடைவெளி பேணாமல் பழகலாம், ஆனால் ஒருவர் ஒரு வட்டத்தில் மட்டுமே இருக்கலாம். செப்டெம்பர் நடுப்பகுதியில் ரொறன்ரோவில் வீட்டுக்குள் ஒன்றுகூடக்கூடியோர் தொகை 50இலிருந்து 10ஆகக் குறைக்கப்பட்டது. இந்தப் பத்து வேறு பத்து. இங்கே வட்டத்துக்கு வெளியே உள்ளவர்கள் இரண்டு மீற்றர் தள்ளியே இருக்கவேண்டும். ஒக்ரோபர் தொடக்கத்தில் சமூக வட்டங்கள் நிறுத்தி வைக்கப்பட்டு, நெருங்கிப் பழகுவது ஒரே வீட்டாருடன் மட்டும் என்றாயிற்று. கூடுவதற்கான பத்து சட்டத்தில் அப்படியே இருந்தது. மேயரும் வைத்திய அதிகாரியும் நன்றி தெரிவித்தல் நாளை வீட்டாருடன் மட்டும் கொண்டாடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். சட்டம் அனுமதித்த எண் ஒன்றாகவும் அவர்கள் கேட்டுக்கொண்ட எண் வேறாகவும் இருந்த அந்த இடைவெளிக்குள்தான் அந்தத் தாயார் விழுந்தார். இவற்றோடு, தொற்று உறுதியாகி இலேசான நோயுடன் இருப்பவர் அறிகுறி தொடங்கியதிலிருந்து தனித்திருக்கவேண்டிய நாட்களும் பத்து.

இரண்டாவது குழப்பம், யார் சொன்னால் யார் செய்யவேண்டும் என்பது. கனடாவில் ஒரு மேயருக்கு நம்மில் பலர் நினைக்குமளவு அதிகாரம் இல்லை. ஜூலை 7ஆம் திகதி நடைமுறைக்கு வந்த, கட்டடங்களுக்குள் முகக்கவசம் அணியும் விதி நகரசபையினுடையது. உணவகங்களை மூடுவது பற்றிய பெரிய முடிவுகள் மாகாண அரசின் கையில் இருந்தன. ஒக்ரோபர் 2ஆம் திகதி உணவகங்களின் உட்புறத்தை 28 நாட்களுக்கு மூடுமாறு டி வில்லா மாகாணத்திடம் கடிதம் மூலம் கேட்டார். அது நடந்தது ஒக்ரோபர் 10ஆம் திகதி. இடைப்பட்ட வாரத்தில் பலர் என்னிடம் கேட்டது ஒன்றே: "ஆபத்து எண்டு சொல்லினம், கடை திறந்திருக்கே?" கடை திறந்திருந்ததைக் கண்டவர்கள் ஆபத்து இல்லை என்று முடிவுகட்டினார்கள். மேயரின் ஒரு கூற்று கட்டளையா, வேண்டுகோளா, மாகாணத்திடம் விடுத்த கோரிக்கையா என்பதைப் பிரித்துக் கேட்கப் பழகாவிட்டால் இந்தக் குழப்பம் எந்த நோயின்போதும் திரும்பி வரும்.

எனக்கு இன்றும் மனம் நோகும் இடம் தனிமைப்படுத்தல் பற்றியது. நகரசபை 2020 ஜூலை மாத இறுதியில் வெளியிட்ட தரவுகளின்படி, தொற்றாளர்களில் 83 விழுக்காட்டினர் வெள்ளையரல்லாத இனக்குழுக்களைச் சேர்ந்தவர்கள். நகரின் சனத்தொகையில் அவர்களின் பங்கு 52 விழுக்காடு மட்டுமே. வருமானம் குறைந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள் தொற்றாளரில் 51 விழுக்காடு, சனத்தொகையில் 30 விழுக்காடு. இந்த எண்களுக்குப் பின்னால் இருந்த வீடுகளை நான் அறிவேன். தொழிற்சாலையில் இரவு வேலை செய்யும் தகப்பன், முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குப் பேருந்தில் போகும் தாய், பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கும் இன்னொரு குடும்பம், எல்லோருக்குமாக இரண்டே குளியலறைகள். 'வீட்டில் இருங்கள்' என்ற ஒரே வாக்கியம் இந்த வீட்டுக்கும் தனித்தனி அறைகள் உள்ள வீட்டுக்கும் ஒரே பொருளைத் தராது.

கணக்கைப் பாருங்கள். நோயாளிக்கு 10 நாட்கள். அவருடன் தொடர்புற்றவருக்கு, கடைசியாகத் தொடர்புற்ற நாளிலிருந்து 14 நாட்கள். நோயாளியைத் தனி அறையில் பிரித்துவைக்க முடியாத வீட்டில், அந்தக் கடைசி நாள் நோயாளியின் பத்தாவது நாளாகிவிடும். ஆக, மற்றவர்கள் 24 நாட்கள் வீட்டில் இருக்கவேண்டும். அப்போது ஒன்ராறியோவில் வேலைகொள்வோர் நோய் விடுப்புக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை. செப்டெம்பர் 27 முதல் மத்திய அரசு வழங்கிய நோய்க்கால உதவித்தொகை வாரத்துக்கு 500 டொலர், அதுவும் இரண்டு வாரங்களுக்கு மட்டும், வாரம் முடிந்த பிறகே விண்ணப்பிக்கலாம். 24 நாட்களில் பத்து நாட்களுக்கு அந்தக் குடும்பத்துக்கு எதுவும் இல்லை. இதை அறிந்தும் "நீங்கள் ஏன் வேலைக்குப் போனீர்கள்?" என்று ஒரு தகப்பனிடம் கடிந்து பேச எனக்கு நா எழவில்லை.

நகரசபை அந்தச் செப்டெம்பரில் ஒரு விடுதியில் 140 அறைகளுடன் தன்னார்வத் தனிமைப்படுத்தல் நிலையத்தைத் திறந்தது. வீட்டில் பிரிந்திருக்க முடியாதவர்களுக்கு அது இலவசம். எனது நோயாளிகளில் பலர் அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கவே இல்லை. கேள்விப்பட்டவர்களில் சிலர் அதைத் தடுப்பு முகாம் போல நினைத்து அஞ்சினார்கள். போரிலும் முகாமிலும் வாழ்ந்து வந்தவர்களுக்கு 'உங்களை ஓரிடத்துக்குக் கொண்டுபோய் வைத்துப் பராமரிப்போம்' என்ற வாக்கியம் எப்படிக் கேட்கும் என்பதை நகர மண்டபத்தில் இருந்தவர்கள் அறிந்திருக்க முடியாது. அதை எடுத்துச் சொல்லியிருக்கவேண்டியவர்கள் எங்களைப் போன்ற வைத்தியர்கள். நாங்கள் பிந்தித்தான் சொன்னோம்.

அந்த இலையுதிர்காலத்தின் நடுவிலேயே எனது தொலைபேசி உரையாடலின் ஒழுங்கை மாற்றிக்கொண்டேன். முதலில் விதியைச் சொல்லாமல், வீட்டில் எத்தனை பேர், எத்தனை அறை, யார் யார் வேலைக்குப் போகிறார்கள் என்று கேட்டேன். பிறகு குளிர்சாதனப்பெட்டியில் தொங்கும் நாட்காட்டியை எடுக்கச் சொல்லி, ஒவ்வொருவரின் பெயருக்கும் வெளியே போகலாம் என்ற திகதியை எழுதுவித்தேன். 'பதினான்கு நாட்கள்' என்றால் எந்த நாளிலிருந்து என்ற தடுமாற்றம் வரும். '19ஆம் திகதி வியாழக்கிழமை' என்றால் அது வராது. அறிவித்தல்களை உறவினருக்கு அனுப்புகிறவர்களிடமும் நான் இதையே வேண்டுகிறேன். அது எந்தத் திகதியில் வந்தது, நகரத்தினுடையதா மாகாணத்தினுடையதா, எப்போது தொடக்கம், வீட்டுக்குள்ளா வெளியேயா என்பவற்றைச் சேர்த்து எழுதுங்கள். இவற்றில் ஒன்று தெரியாவிட்டால், தெரிந்துகொண்ட பிறகே அனுப்புங்கள்.

நவம்பர் 14, தீபாவளி தினத்தன்றே, ரொறன்ரோ, கட்டுப்பாடுகள் கடுமையான 'சிவப்பு வலயத்துக்குள்' போனது. நவம்பர் 23 முதல் முழு முடக்கம். வேற்று வீட்டாருடன் உள்ளே கூடுவது முற்றாகத் தடைசெய்யப்பட்டது. திருமணத்துக்கும் வழிபாட்டுக்கும் இறுதிக்கிரியைக்கும் 10 பேர்.

அந்த வாரம் ஒருவர் அழைத்தார். தகப்பனார் மாரடைப்பால் காலமாகியிருந்தார். ஆறு பிள்ளைகள், ஐந்து மருமக்கள், பேரப்பிள்ளைகள். "எந்தப் பத்து, டொக்டர்?" என்று கேட்டார். அவருக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவரது தாயாரைப் பற்றிக் கேட்டேன். அவர் இன்னொரு மகனின் வீட்டில், தொற்று உறுதியான பேரனுடன் இருந்தவர். நாட்காட்டியை எடுக்கச் சொல்லி இருவரும் எண்ணினோம். கிரியைக்குக் குறித்த நாள் அந்த அம்மாவின் தனிமைப்படுத்தலில் பதின்மூன்றாவது நாளாக இருந்தது. இறுதிக்கிரியை நடக்கவிருந்த மலர்ச்சாலையுடன் பேசி மூன்று நாள் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்கச் சொன்னேன். அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். அன்று மாலை மகன் திரும்ப அழைத்து, பத்துப் பேரின் பெயர்களையும் எனக்கு வாசித்துக் காட்டினார். முதலாவது பெயர் அம்மாவினது.